ஜூலையில் அலாஸ்கா: அப்பாவுக்குப் பனியாறு காட்ட வேண்டும், 9 நாளில் எந்தப் பக்கம் போவது?

கீழைக்காற்று எழுதியது:

வணக்கம். ஜூன் கடைசியில் அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க சியாட்டில் வருகிறார்கள். அப்பா 31 வருடம் புவியியல் ஆசிரியராக இருந்தவர். பனியாறு பாடம் வந்தால் கரும்பலகை முழுக்க வரைவார். மேலே பனிவயல், நடுவில் விரிசல்கள், நுனியில் பனி தள்ளிவந்த கல்லும் மண்ணுமான மொரைன் குவியல், அதற்கும் கீழே யு வடிவப் பள்ளத்தாக்கு. அவர் வகுப்பில் உட்கார்ந்து அதை அப்படியே நோட்டில் வரைந்தவள் நான். ஆனால் அவர் இதுவரை ஒரு பனியாற்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்க்காமல் அவரை ஊருக்கு அனுப்புவதில்லை என்று இருக்கிறேன்.

ஜூலை நடுவில் 9 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மொத்தம் 5 பேர். அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64, அப்புறம் நானும் கணவரும், 8 வயது மகளும். அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சமதளத்தில் ஒரு மணி நேரம் மெதுவாக நடக்க முடியும், படி ஏறினால் சிரமம்.

அலாஸ்கா என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஆங்கரேஜில் இறங்கி கார் எடுத்து சேவார்டு, விட்டியர், டெனாலி என்று ஓடச் சொல்கிறார்கள் சிலர். ஜூனோ பக்கம்தான் பனியாறும் மழைக்காடும் ஒரே இடத்தில் இருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். சியாட்டிலில் இருந்தே சொகுசுக் கப்பலில் ஏறிவிட்டால் தொல்லையே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பா, அம்மா வைத்திருப்பது இந்தியக் கடவுச்சீட்டு, அமெரிக்கச் சுற்றுலா விசா. கனடா விசா இல்லை.

பனியாற்றின் மேலேயே ஹெலிகாப்டரில் இறக்கிவிடுகிறார்களாமே, அந்தப் பணத்துக்கு அது தகுமா? மழை கொட்டிக்கொண்டே இருந்தால் 9 நாளும் அறைக்குள்தானா? நேரில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

துறைமுகம் எழுதியது:

முதலில் விசா விஷயம், அதுதான் எங்களைக் கடைசி நேரத்தில் தவிக்கவிட்டது. சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் பெரிய கப்பல்கள் வழியில் கனடாவின் ஒரு துறைமுகத்தில், பெரும்பாலும் விக்டோரியாவில், நின்றாக வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ல் போட்ட சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நீங்கள் விக்டோரியாவில் கால் வைக்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா வேண்டும், ஏறும்போதே கேட்பார்கள். எங்கள் மாமியாருக்கு விசா வந்தது கிளம்ப 4 நாள் இருக்கும்போது.

ஆனால் கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். மாமியார் சக்கர நாற்காலியில் இருந்தார். ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்து முழுக் கரையையும் காட்ட முடிந்தது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போகும் கப்பலாகப் பார்த்து எடுத்தோம். விரிகுடாவுக்குள் நுழையும்போது பூங்காவின் ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டே வருவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் உள்ளே அனுமதி, அதனால் நெரிசல் இல்லை. குறை ஒன்றுதான், அங்கே கப்பலை விட்டு இறங்கவே முடியாது. காட்டைத் தூரத்தில் பச்சைச் சுவராகப் பார்த்ததோடு சரி.

ஆலங்கட்டி எழுதியது:

நான் வேலைக்காக ஜூனோவில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். மெண்டன்ஹால் பள்ளத்தாக்கில் வாடகை வீடு. அதனால் என் பதில் அந்தப் பக்கம்தான் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

9 நாளையும் தென்கிழக்கு அலாஸ்காவுக்கே கொடுங்கள். ஜூனோவில் 4 இரவு, கிளேசியர் பே வாசலில் இருக்கும் கஸ்டேவஸ் ஊரில் 4 இரவு. ஆங்கரேஜை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள். சியாட்டிலில் இருந்து ஜூனோவுக்கு நேர் விமானம் இரண்டரை மணி நேரம். உள்நாட்டுப் பயணம் என்பதால் கனடா விசா பேச்சே இல்லை, பெற்றோரின் கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். ஜூனோ மாநிலத்தின் தலைநகர், ஆனாலும் வெளியூரில் இருந்து அதற்குச் சாலை கிடையாது. பின்னால் மலையும் பனியும், முன்னால் கடல். விமானம், இல்லாவிட்டால் படகு.

உங்கள் அப்பா புவியியல் ஆசிரியர் என்று படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பனியாற்றை அலாஸ்காவில் எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். பனியாறு விட்டுப்போன இடத்துக்கு அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை வரிசையாக, ஒரே நாளில், படகில் உட்கார்ந்தபடி பார்க்க கிளேசியர் பே மாதிரி இன்னோர் இடம் எனக்குத் தெரியாது.

1794-ல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கரையில் ஒரு சின்ன வளைவு, அதை அடைத்துக்கொண்டு பனிச்சுவர். 1879-ல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் துடுப்புப் படகில் போனபோது பனி 50 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. 1916-க்குள் சுமார் 100 கிலோமீட்டர். நீங்கள் படகில் போகப்போகிற தண்ணீர் முழுவதும் அன்றைக்குப் பனியாக நின்ற இடம்.

கஸ்டேவஸுக்குப் பக்கத்தில் பார்ட்லெட் கோவ் என்ற படகுத்துறையில் இருந்து காலை 7:30-க்குப் பூங்காவின் நாள் படகு கிளம்பும். அங்கே பனி விலகி 200 வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் கரையில் சிட்கா ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் நெருக்கியடித்து நிற்கும். வடக்கே போகப்போக மரம் குட்டையாகும். கொஞ்ச நேரத்தில் ஸ்ப்ரூஸ் குறைந்து காட்டன்வுட், பிறகு ஆல்டர் புதர், பிறகு தரையோடு தரையாகப் படரும் டிரையாஸ், பிறகு பாசி, கடைசியில் பனி இழைத்துவிட்டுப் போன கோடுகளோடு வெறும் பாறை. வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916-ல் அங்கே சின்னச் சின்னக் கட்டங்களாக நிலத்தைக் குறித்துவைத்து, எந்தச் செடி எப்போது வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அவரைக் குடும்பத்துச் செடிகள் வயலுக்குச் செய்யும் வேலையை அங்கே டிரையாஸும் ஆல்டரும் செய்கின்றன, காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. அந்த மண் சேர்ந்த பிறகுதான் ஸ்ப்ரூஸ் கால் ஊன்றுகிறது. அப்பாவை வலது பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, கரையில் மரம் எங்கே மாறுகிறது என்று மகளோடு சேர்ந்து குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் முதல் தடவை போனபோது திமிங்கிலம் தேடுவதிலேயே கண் இருந்தது, கரையைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது தடவை ரேஞ்சர் ஒருவர் சொல்லித்தான் பார்த்தேன்.

மழையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். பசிபிக்கில் இருந்து வரும் ஈரக்காற்று கடலோரத்திலேயே எழும்பி நிற்கும் மலையில் முட்டுகிறது. ஃபேர்வெதர் சிகரம் 4,671 மீட்டர், கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முட்டிய மேகம் மேலே பனியாக விழுந்தால் பனியாறு, கீழே மழையாக விழுந்தால் காடு. ஒரே மேகத்தின் வேலைதான் இரண்டும். அந்த மழையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பனியாற்றை மட்டும் கேட்க முடியாது. ஜூலையில் பாதி நாளாவது தூறல் இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். கொட்டித் தீர்க்கும் மழை குறைவு. நாள் முழுக்கப் பூந்தூறலாக நசநசவென்று இருக்கும், அதில் எல்லோரும் வெளியே நடமாடிக்கொண்டுதான் இருப்பார்கள். பனியின் நீலமும் மேகமூட்டத்தில்தான் நன்றாகத் தெரியும். வெயிலில் கண் கூசி வெள்ளையாகிவிடும்.

அந்த நீலம் எப்படி வருகிறது என்று மகள் கேட்பாள். மேலே மேலே விழுந்த பனி அழுந்தி உள்ளிருந்த காற்றுக் குமிழ்கள் நசுங்கிவிடுகின்றன. அப்படிக் கெட்டியான பனிக்குள் வெளிச்சம் வெகுதூரம் போகும்போது சிவப்பு நிறத்தைப் பனி உறிஞ்சிக்கொள்கிறது, நீலம் மிஞ்சுகிறது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் படகு எஞ்சினை நிறுத்திவிடும். பனியாறு 34 கிலோமீட்டர் நீளம், முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலம், தண்ணீருக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம். எண்ணைச் சொன்னால் புரியாது, அதன் முன்னால் ஒரு கடல்காகம் பறக்கும்போதுதான் அளவு பிடிபடும். முதலில் சடசடவென்று விறகு முறிகிற மாதிரி சத்தம் வரும். பிறகு ஒரு துண்டு சரிந்து விழுவது தெரியும், அது விழுந்து ஒரு நொடிக்கு மேல் கழித்துத்தான் இடி வந்து சேரும். ஆங்கிலத்தில் இதைக் கன்று ஈனுவது என்கிறார்கள். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். கேமராவைக் கீழே வைத்துவிட்டு முகப்பில் ஏதாவது ஒரே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்தப் படகு நல்லது. உள்ளே சூடான அறை, பெரிய ஜன்னல்கள், மதிய உணவு அவர்களே தருகிறார்கள், சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரிகுடாவுக்குள் அலை அதிகம் இருக்காது. பார்ட்லெட் கோவ் பக்கத்திலேயே காட்டுக்குள் ஒரு சுற்றுப் பாதை இருக்கிறது, மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். அதன் முதல் பகுதி பலகை பதித்த சமதளம், சக்கர நாற்காலியே போகும். அம்மாவை அங்கே அவசரப்படுத்தாமல் விடுங்கள். தரை, கல், விழுந்த மரம், நிற்கிற மரம் எல்லாவற்றின் மேலும் முழங்கை ஆழத்துக்குப் பாசி. பேசினால் சத்தத்தை அந்தப் பாசியே குடித்துவிடுகிறது. மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் கிளைகளில் இருந்து சொட்டிக்கொண்டிருக்கும். விழுந்து கிடக்கும் மரத்தின் முதுகில் இளங்கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும், அடிமரம் மட்கிப்போனதும் அவற்றின் வேர்கள் பொய்க்கால் மாதிரி அந்தரத்தில் நிற்கும். பாதையோரக் குளங்களை அப்பா உடனே அடையாளம் கண்டுகொள்வார். மொரைனில் புதைந்த பெரிய பனிக்கட்டி உருகி உண்டான குழிகள் அவை.

கரையிலேயே ஹூனா டிலிங்கிட் மக்களின் மரபுவீடு இருக்கிறது, 2016-ல் திறந்தார்கள். 1700-களின் நடுவில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய ஊர்களைத் துடைத்துவிட்டது. படகேறித் தப்பியவர்கள் நீரிணைக்கு அக்கரையில் ஹூனாவில் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் இந்த விரிகுடாவின் பெயருக்கு, பனியாறு இருந்த இடத்தில் இருக்கும் விரிகுடா என்று அர்த்தம். பனியாறு என்றால் நாம் உருகுவதைப் பற்றியே பேசுகிறோம், ஓடிவந்து ஊரைத் தள்ளிய பனியாற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் இவர்கள். தயவுசெய்து அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். அவ்வளவு பனியின் பாரம் இறங்கியதால் கஸ்டேவஸ் நிலம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, வருடத்துக்கு சுமார் 3 சென்டிமீட்டர்.

ஜூனோவைப் பற்றிச் சுருக்கமாக. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மெண்டன்ஹால் பனியாற்றுக்கு ஒரு முழு நாள் போதும். போட்டோ பாயின்ட் பாதை சமதளம், அம்மாவுக்குச் சரி. நகெட் அருவி வரை போய்வர 3 கிலோமீட்டர், அதுவும் ஏற்றம் இல்லாதது. ஸ்டீப் கிரீக் ஓடையில் ஜூலையில் சாக்கை சால்மன் செக்கச்செவேலென்று ஏற ஆரம்பிக்கும், மீன் வந்தால் கருங்கரடி வரும். கரடிகள் மீனைக் காட்டுக்குள் இழுத்துப்போய்ப் பாதி தின்று போட்டுவிடுகின்றன. கடலில் இருந்து அப்படி வந்த நைட்ரஜன் ஓடைக்கரை மரங்களில் இருப்பதை ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். மெண்டன்ஹாலின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பு அங்கே இருந்த கிளைப் பனியாறு சுருங்கிவிட்டது. இப்போது கோடையில் அதில் தண்ணீர் தேங்கி, பனியாற்றுக்கு அடியில் வழி திறந்து ஒரேயடியாகப் பனியாற்றின் முன்னால் இருக்கும் ஏரிக்கு வருகிறது. 2011-ல் ஆரம்பித்த இது 2023, 2024, 2025 ஆகஸ்டுகளில் பெருவெள்ளமாக வந்தது. நான் குடியிருந்த தெருவில் 2024-ல் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எனக்குக் காய்கறித் தோட்டத்தில் ஒரு பாத்தி கொடுத்த பக்கத்து வீட்டம்மா மறுநாள் படம் அனுப்பியிருந்தார், அந்தப் பாத்தி இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறுதான் இருந்தது. பனியாறு அரைத்த கல்மாவு அது. சுற்றுலாவுக்கு அழகாக இருக்கிற ஒன்று அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஆகஸ்டும் தூக்கம் இல்லாத இரவு. அதையும் அறிந்துகொண்டு போங்கள்.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்பது என் கருத்து. மேகம் இறங்கினால் பறக்காது, ஜூலையில் மேகம் இறங்குவது சாதாரணம். 5 பேருக்கான அந்தப் பணத்தில் கஸ்டேவஸில் கூடுதலாக இரண்டு நாள் தங்கலாம்.

கடைசியாக, நாள்களை இறுக்கிக் கட்டாதீர்கள். ஜூனோவில் இருந்து கஸ்டேவஸுக்கு ஜெட் விமானம் ஏறக்குறைய கால் மணி நேரம்தான், கோடையில் மட்டும் ஓடும். சின்ன விமானங்களும் உண்டு. எனக்கு ஒருமுறை மூடுபனியால் சின்ன விமானம் இரண்டு நாள் வரவில்லை, ஜூனோவில் கட்டிய அறைப் பணமும் திரும்பவில்லை. சியாட்டில் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஜூனோவில் இருங்கள். படகுச் சீட்டையும் கஸ்டேவஸ் அறையையும் இப்போதே பதிவு செய்யுங்கள். அது 600 சொச்சம் பேர் இருக்கும் ஊர், அறைகள் குறைவு.

வடக்குவாசல் எழுதியது:

ஆலங்கட்டி சொன்னதற்கு மறுப்பில்லை, ஆனால் ஆங்கரேஜ் பக்கத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டும் இல்லையா. நாங்கள் சேவார்டில் 3 நாள் இருந்தோம். ஆங்கரேஜில் இருந்து 204 கிலோமீட்டர், பாதி வழி கடலோரமாகவே போகும் சாலை. எக்ஸிட் பனியாற்றுக்குப் போகும் வழியில், பனியின் நுனி எந்த வருடம் எங்கே இருந்தது என்று ஆண்டு எழுதிய பலகைகளை நட்டிருக்கிறார்கள். 1917 என்ற பலகையைத் தாண்டி, 1951-ஐத் தாண்டி, 2010-க்கு வந்து நின்றாலும் பனி இன்னும் மேலே தூரத்தில் இருக்கிறது. என் மகன் ஒவ்வொரு பலகையிலும் நின்று வீட்டில் யார் அப்போது பிறந்திருந்தார்கள் என்று கணக்குப் போட்டான். தாத்தா பிறந்த வருடத்துக்கும் அவன் பிறந்த வருடத்துக்கும் நடுவில் நாங்கள் எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதை இன்றைக்கும் சொல்வான்.

ஆனால் உங்கள் அம்மாவை நினைத்தால் யோசனைதான். சேவார்டில் கிளம்பும் கீனாய் ஃபியார்ட்ஸ் படகு அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலுக்குப் போய்த் திரும்பும். எங்கள் படகில் பாதிப் பேருக்கு வாந்தி. அப்புறம் கார் ஓட்டம் அதிகம்.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, மாநில அரசின் படகு. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் ஏறினால் கனடாவில் எங்கும் நிற்காமல் சுமார் 38 மணி நேரத்தில் கெச்சிகன். வெளித்தளத்தில் கூடாரத்தைப் பசைநாடாவால் ஒட்டிக்கொண்டு படுத்துத் தூங்கலாம். மேலே சூடு விளக்குகள் இருக்கும் இடத்தில் சாய்வு நாற்காலிக்குப் போட்டி. கெச்சிகனில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்பார்கள், நாங்கள் இறங்கிய அன்று அதில் நல்ல பங்கைப் பார்த்தோம். 9 நாளில் இது முடியாது, வேறு யாராவது படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கீழைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்கு ஆலங்கட்டியின் பதிலைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். 1794 என்று சொன்னதும் "மறுபடியும் வாசி" என்றார். ஜூனோ, கஸ்டேவஸ் என்று பதிவு செய்துவிட்டோம்.

இரண்டு சந்தேகம். அம்மாவுக்குக் கரடி என்றாலே பயம், பார்ட்லெட் கோவ் பாதையில் கரடி வருமா? அப்புறம் மழைக்கு என்ன உடுத்துவது? அம்மா புடவைதான் கட்டுவார்.

ஆலங்கட்டி எழுதியது:

வரும். பழுப்புக் கரடி, கருங்கரடி இரண்டும் அங்கே உண்டு. பயப்பட வேண்டாம், ஆனால் விதிகளை விடக்கூடாது. கரடிக்குப் பிடிக்காதது திடுக்கிடுவதுதான், அதனால் பேசிக்கொண்டே நடங்கள், வளைவு வந்தால் குரலை உயர்த்துங்கள். மகள் பாட்டுப் பாடினால் இன்னும் நல்லது. அவள் எப்போதும் பெரியவர்களுக்கு நடுவில் நடக்கட்டும். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. எல்லோரும் ஒன்றாக நின்று, பேசியபடியே பின்வாங்க வேண்டும். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானைப் பயணி விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டும்.

புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். பாதையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், ஒரு பருக்கை சிந்தக்கூடாது. அங்கே கூடாரம் போடுபவர்கள் சமைப்பதும் சாப்பிடுவதும் கடற்கரையில், ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்குள் மட்டும்தான். அந்த விரிகுடாவில் ஓதம் 7 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். சிந்தியதும் வாசனையும் அடுத்த ஏற்றத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். வெயில் இல்லாத நாளில் 12, 13 டிகிரிதான் இருக்கும். அம்மாவுக்குக் கம்பளி உள்ளாடை, அதன் மேல் தளர்வான கால்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் முழு மழைச்சட்டை, மழைக்கால்சட்டை. குடை உதவாது, காற்றும் கிளையும் விடாது. அங்கத்தி மக்கள் எல்லோரும் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ்தான் போடுவார்கள், கடைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், அடி வழுக்காது. நடைக்கோல் இரண்டு. இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், தூங்கக் கண்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழைக்காற்று எழுதியது:

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

9 நாளில் 6 நாள் மழை. கஸ்டேவஸ் விமானம் மூடுபனியில் அரை நாள் தாமதம், இடைவெளி விட்டிருந்ததால் ஒன்றும் கெடவில்லை. மெண்டன்ஹாலில் கரடி வரவில்லை, சால்மன் வந்திருந்தது.

படகில் அப்பாவும் மகளும் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை கரையை வரைந்தார்கள். மொத்தம் 7 படங்கள். முதல் படத்தில் மரம் தாளின் உச்சி வரை இருக்கிறது, ஏழாவதில் வெறும் கோடுகள்தான். நடுவில் ஒரு பழுப்புக் கரடி, நீர் வற்றிய கரையில் கல்லைப் புரட்டிப் புரட்டி எதையோ தின்றுகொண்டிருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கரைக்கு மேலே பார், ஆல்டர் ஆரம்பிச்சாச்சு" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மார்ஜரி முன்னால் அவர் ஒன்றுமே பேசவில்லை. தலையில் மழை விழுவதுகூடத் தெரியாமல் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய துண்டு விழுந்தது. சத்தம் வரும்வரை விரலை மடக்கி நொடி எண்ணினார். அன்று இரவு அறையில், "31 வருஷமா வெள்ளைச் சாக்கட்டியாலயே வரைஞ்சிருக்கேன். நீலச் சாக்கட்டி பெட்டியிலயே இருந்துச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அம்மாதான் பேச்சை மாற்றினார்.

அம்மாவுக்குப் பிடித்தது காடு. பலகைப் பாதையில் 3 நாளும் காலையில் போனார், ரப்பர் பூட்ஸில் முழங்கால் வலி அவ்வளவாகத் தெரியவில்லை என்றார். விழுந்த மரத்தின் மேல் 11 கன்றுகள் வரிசையாக நின்றன. எண்ணியது அவர்தான். மரபுவீட்டில் ஒரு பெரியம்மா, பனி துரத்தியபோது கிழவி ஒருத்தி ஊரை விட்டு வர மறுத்துப் பின்தங்கிவிட்ட கதையைச் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மா அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வடக்குவாசலுக்கு ஒரு கேள்வி. நீங்கள் எழுதிய ஆண்டுப் பலகைகளை அப்பா மறக்கவே இல்லை. அவர்கள் அக்டோபரில்தான் ஊருக்குக் கிளம்புகிறார்கள். செப்டம்பர் முதல் வாரம் நானும் அவரும் மட்டும் 4 நாள் சேவார்டு போய்வரலாமா, எக்ஸிட் பனியாற்றுச் சாலை திறந்திருக்குமா?

வடக்குவாசல் எழுதியது:

திறந்திருக்கும். குளிர்காலப் பனி விழுந்த பிறகுதான் அந்தச் சாலையில் கார் போகாது. செப்டம்பரில் மழை ஜூலையைவிட அதிகம், ஆனால் காட்டன்வுட் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்திருக்கும். படகுப் பயணத்தை விட்டுவிட்டு நடுவில் கிடைக்கும் இரண்டு நாளையும் நடைக்கே வைத்துக்கொள்ளுங்கள். நுனியைத் தூரத்தில் இருந்து காட்டும் கீழ்ப்பாதை அப்பாவுக்கு எளிது. எக்ஸிட் பனியாறு இறங்கிவரும் ஹார்டிங் பனிவயலுக்கு ஏறும் பாதை போய்வர 13 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. முதல் 2 கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு புல்வெளி வரும், அங்கே இருந்தே பனியாறு பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், அதோடு திரும்பிவிடலாம். அவருடைய நோட்டை எடுத்துப்போக மறக்காதீர்கள், பென்சில் நனைந்த தாளில் எழுதும்.